நூறில் ஒரு கிராம்: நாணயச் சேகரிப்பாளருக்கான கையடக்கத் தராசு

மாதத்தில் ஒருநாள் நாங்கள் எட்டு ஒன்பது பேர் கூடி, அந்த மாதம் அவரவர் சேகரிப்பில் புதிதாகச் சேர்ந்த நாணயங்களை மேசையில் பரப்பி வைத்துப் பார்ப்பது வழக்கம். முன்பெல்லாம் நாணயம் கைமாறி வரும்போது எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலை, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற மூன்று கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடும். கடந்த பதினான்கு மாதங்களாக அந்த மேசையின் நடுவில் சிறிய மின்னணுத் தராசு ஒன்று இருக்கிறது. புதிதாக வரும் நாணயம் எதுவானாலும் முதலில் அதன் தட்டில் ஏறி இறங்கிய பிறகே உருப்பெருக்கியின் கீழ் போகிறது. இவ்வளவு காலம் அதோடு பழகியபின், அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை மற்ற சேகரிப்பாளர்களுக்கு எழுதிவைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

கருவி உள்ளங்கையில் அடங்கும். துருப்பிடிக்காத எஃகுத் தட்டு, 200 கிராம் கொள்ளளவு, 0.01 கிராம் நுட்பம், தொலைக்காட்சி ரிமோட்டில் போடும் அளவிலான இரண்டு பேட்டரிகள், நாணயங்களைக் கொட்டி நிறுப்பதற்குத் தட்டமாகவும் பயன்படும் ஒளிபுகும் மூடி ஆகியவை இதில் உண்டு. இதே கருவி பல பெயர்களில் விற்கப்படுவதால் பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை. நுட்பத்தையும் கொள்ளளவையும், சரிபார்க்கும் எடைக்கல் உடன் வருகிறதா என்பதையும் பார்த்தால் போதும்.

0.01 கிராம் தேவைதானா, சமையலறைத் தராசு போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் சவரன் என்ற பிரிட்டிஷ் பொன் நாணயத்தைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். பிரிட்டனின் 1870 ஆம் ஆண்டு நாணயச் சட்டம் சவரனின் முழு எடையை 123.274 கிரெயின், அதாவது 7.988 கிராம் என்று வகுத்தது. புழக்கத்தில் தேய்ந்து 122.5 கிரெயினுக்குக் கீழே, அதாவது 7.938 கிராமுக்குக் கீழே இறங்கிய சவரன் சட்டப்படி செல்லாது. ஆகவே செல்லுபடியாகும் சவரனுக்கும் செல்லாத சவரனுக்கும் இடையிலான வேறுபாடு வெறும் 0.05 கிராம். ஒரு கிராம் நுட்பமுள்ள சமையலறைத் தராசு இரண்டையும் 8 என்று காட்டும். 0.1 கிராம் நுட்பமுள்ள தராசு 8.0 என்றோ 7.9 என்றோ காட்டிவிட்டு நம்மைக் குழப்பத்தில் விடும். 0.01 கிராம் காட்டும் தராசில்தான் 7.98, 7.95, 7.92 என்ற படிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. பழந்தமிழில் நாணயப் பரிசோதகரை வண்ணக்கர் என்றார்கள். அவர்கள் விரல்களால் உணர்ந்திருக்கக்கூடிய நுண்மையை, விரல் பழகாத நமக்கு இந்தச் சிறு தட்டு எண்ணாக மாற்றித் தருகிறது.

ஆனால் நுட்பம் வேறு, துல்லியம் வேறு. கருவி இரண்டு தசம இலக்கங்களைக் காட்டுகிறது என்பதால் அந்த இரண்டு இலக்கங்களும் சரி என்று ஆகிவிடாது. வாங்கிய முதல் நாளில், அளவு திருத்தம் செய்யாமலேயே மரியா தெரசா தாலர் ஒன்றைத் தட்டில் வைத்தேன். ஆஸ்திரிய அரசி மரியா தெரசா இறந்த 1780 ஆம் ஆண்டையே முகத்தில் தாங்கிக்கொண்டு, அவருக்குப் பின் பல தலைமுறைகள் வரை வியன்னாவிலும் வேறு பல நகரங்களிலும் மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்ட வெள்ளி நாணயம் அது. 28.07 கிராம் இருக்க வேண்டும். தராசு 27.93 என்றது. நாணயம் தேயாதது, விளிம்பும் அறுபடாதது. நாணயத்தைச் சந்தேகிப்பதா, தராசைச் சந்தேகிப்பதா என்று அன்று மாலை முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

காரணம் தராசில்தான் இருந்தது. இவ்வகைத் தராசு இரண்டு பொருள்களின் எடையை ஒப்பிடும் பழைய துலாக்கோல் அன்று. தட்டின் அடியில் இருக்கும் உலோகத் துண்டு நாணயத்தின் பளுவால் மிகச் சிறிதளவு வளைகிறது. அதில் ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய கம்பிச்சுற்றின் மின்தடை அந்த வளைவுக்கு ஏற்ப மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் கருவி கிராமாகக் கணக்கிட்டுக் காட்டுகிறது. அதாவது, அது உண்மையில் அளப்பது நாணயத்தைப் பூமி இழுக்கும் விசையை. அந்த விசை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் இடையே அது ஏறத்தாழ அரை விழுக்காடு வேறுபடுகிறது. 28 கிராம் தாலரில் அரை விழுக்காடு என்பது 0.14 கிராம். உற்பத்தி செய்த இடத்தில் சரிசெய்யப்பட்ட தராசு தொலைவான இடத்துக்கு வந்ததும் சற்றே பொய் சொல்வதற்கு இது ஒன்றே போதும். போக்குவரத்தில் படும் அதிர்ச்சியும் வெப்பநிலை மாற்றமும் இதோடு சேர்ந்துகொள்ளும். எனவே நாணயம் நிறுக்கும் இடத்திலேயே, நாணயம் நிறுக்கும் மேசையிலேயே அளவு திருத்தம் செய்தாக வேண்டும்.

அளவு திருத்தத்துக்கு 100 கிராம் எடைக்கல் தேவை. சில விற்பனையாளர்கள் கருவியோடு ஒன்றைச் சேர்த்துத் தருகிறார்கள். எனக்கு வந்ததில் பூச்சு உரிந்திருந்ததால் அதை நான் நம்பவில்லை. எம்1 தரத்திலான 100 கிராம் எடைக்கல்லைத் தனியாக வாங்கினேன். அந்தத் தரத்தில் அனுமதிக்கப்படும் பிழை 5 மில்லிகிராம், அதாவது தராசின் கடைசி இலக்கத்தில் பாதி. அதை வெறும் கையால் தொடாமல், துணியாலோ இடுக்கியாலோதான் எடுக்க வேண்டும். அதைக்கொண்டு சரிசெய்ததும் அதே தாலர் 28.06 என்று காட்டியது. இந்த ஒரு காரியத்தைச் செய்யாமல் இக்கருவியைக் குறைகூறுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. புழக்கத்தில் உள்ள புதிய நாணயத்தை எடைக்கல்லாகப் பயன்படுத்தலாம் என்ற யோசனையையும் ஏற்க இயலாது. எந்த நாணயச்சாலையும் ஒவ்வொரு நாணயத்தின் எடையிலும் கூடுதல் குறைவுக்குச் சிறிது இடம் கொடுத்தே அச்சிடுகிறது.

இனி மேசைக்கு வந்த நாணயங்களைப் பற்றிச் சொல்கிறேன். தராசு தன் முழுப் பயனைக் காட்டியது அமெரிக்காவின் 1982 ஆம் ஆண்டு ஒரு சென்ட் நாணயங்களில்தான். செம்பின் விலை ஏறியதால் அந்த ஆண்டில் அமெரிக்க நாணயச்சாலை 95 விழுக்காடு செம்பு கொண்ட சென்ட்டைக் கைவிட்டு, செம்புப் பூச்சிட்ட துத்தநாகத்துக்கு மாறியது. இரண்டும் ஒரே ஆண்டைத் தாங்கியவை, ஒரே உருவத்தில் ஒரே நிறத்தில் இருப்பவை. எடை மட்டும் 3.11 கிராமும் 2.5 கிராமுமாகப் பிரிகிறது. இதோடு ஆண்டு இலக்கங்கள் பெரிதாகவும் சிறிதாகவும் இரு வடிவங்களில் வந்ததால், அந்த ஆண்டுச் சென்ட்டுகளை வகைவகையாகச் சேர்ப்பது தனிக் கலையாகவே வளர்ந்தது. டென்வர் நாணயச்சாலையின் சிறிய இலக்கமுள்ள செம்புச் சென்ட் என்ற ஒன்று இருக்கவே முடியாது என்று வெகுகாலம் கருதப்பட்டது. 2016 இல் அதுவும் கிடைத்தது. தட்டில் வைத்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர் கையில் அகப்பட்டதால்தான் அப்படி ஒரு நாணயம் இருப்பது உலகுக்குத் தெரிந்தது. எங்கள் வட்டத்தில் ஒருவர் சில்லறையாகச் சேர்த்து வைத்திருந்த நாற்பது சென்ட்டுகளைக் கொண்டுவந்து, அரைமணி நேரத்தில் செம்பு இருபத்தாறு, துத்தநாகம் பதினான்கு என்று பிரித்து எடுத்தார். அவற்றில் அரியது எதுவும் இல்லை. ஆனாலும் தன் சேகரிப்பில் என்ன இருக்கிறது என்பதை முதன்முறையாக அறிந்துகொண்டவரின் மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது.

மற்றொரு கூட்டத்துக்குச் செம்பு நிறத்தில் 1943 ஆம் ஆண்டுச் சென்ட் ஒன்று வந்தது. போர்க்காலத்தில் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஆண்டுச் சென்ட்டுகள் துத்தநாகப் பூச்சிட்ட எஃகில் 2.7 கிராம் எடையில் அச்சிடப்பட்டன. தவறுதலாகப் பழைய செம்புத் தகட்டில் அச்சானவை மிகச் சிலவே என்பதால், அப்படி ஒன்று கிடைத்தால் அது எந்தச் சேகரிப்பாளருக்கும் வாழ்நாள் பேறு. கொண்டுவந்த நண்பர் ஒரு வாரமாகத் தூங்கவில்லை என்று சொன்னார். தராசு 2.74 என்றது. காந்தத்தை அருகில் கொண்டுபோனதும் நாணயம் துள்ளி ஒட்டிக்கொண்டது. எஃகுச் சென்ட்டின் மேல் யாரோ செம்பு முலாம் பூசியிருக்கிறார்கள். ஏமாற்றம்தான் என்றாலும், அது மேசையிலேயே முடிந்துபோனதே நல்லது என்று அவரே சொன்னார்.

என் சொந்த அனுபவம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் மோர்கன் வெள்ளி டாலர் ஒன்றை அஞ்சல்வழி வாங்கினேன். படத்தில் குறை எதுவும் தெரியவில்லை. 90 விழுக்காடு வெள்ளியில் 26.73 கிராம் எடையும் 38.1 மில்லிமீட்டர் விட்டமும் உடையது அந்த நாணயம். என் கைக்கு வந்தது 24.31 கிராம். விட்டம் சரியாகவே இருந்தது. கழுகின் இறகுக் கோடுகள் இன்னும் தெளிவாக நிற்கும் ஒரு டாலர் தேய்மானத்தால் இரண்டரை கிராமை இழந்திருக்க முடியாது. எடையைக் காட்டும் படத்துடன் எழுதியதும் விற்றவர் மறுபேச்சின்றித் திரும்பப் பெற்றுக்கொண்டார். எடை என்பது வாதத்துக்கு இடம் தராத சான்று. “எழுத்து சற்றுத் தடிப்பாக இருக்கிறது” என்று நான் எழுதியிருந்தால் அந்தப் பேச்சு மாதக்கணக்கில் நீண்டிருக்கும்.

எனினும் எடை ஒன்றை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. பிரிட்டனின் இரண்டு பென்னி நாணயம் 1992 முதல் வெண்கலத்திலிருந்து செம்புப் பூச்சிட்ட எஃகுக்கு மாறியது. 1998 இல் இரு உலோகங்களிலும் அச்சிடப்பட்டது. எடையோ இரண்டிலும் 7.12 கிராம்தான். நாணயம் போட்டு எடுக்கும் இயந்திரங்கள் குழம்பக்கூடாது என்பதற்காகவே எஃகு நாணயத்தைச் சற்றுத் தடிப்பாக்கி எடையைச் சமன்செய்தார்கள். இங்கே தராசு வாய்மூடிவிடுகிறது; காந்தம்தான் பேசுகிறது. மரியா தெரசா தாலரும் அப்படியே. வியன்னாவில் அடித்ததும் வேறு நகரங்களில் அடித்ததும் ஒரே எடை என்பதால், எது எங்கே பிறந்தது என்பதை அரசியின் மார்பில் உள்ள அணியிலும் கழுகின் வால் இறகுகளிலும்தான் தேட வேண்டும்.

எடை ஒன்றாக இருந்தும் உலோகம் மாறிய நாணயங்களில் மிகப் புகழ்பெற்றது பிரிட்டனின் வெள்ளி வரிசை. 1920 வரை 92.5 விழுக்காடு வெள்ளியாக இருந்த அரை கிரவுன், அந்த ஆண்டில் 50 விழுக்காடாகக் குறைந்து, 1947 இல் வெள்ளியே இல்லாத செம்பு நிக்கல் கலவையானது. மூன்று காலத்திலும் 14.14 கிராம்தான். ஆண்டு நாணயத்தின் மேலேயே இருக்கிறதே என்று கேட்கலாம். ஆண்டைப் பொய்யாக அச்சிடுவது போலி செய்பவருக்குக் கடினமான வேலை அன்று. உலோகத்தின் அடர்த்தியைப் பொய்யாக்குவதுதான் கடினம். இந்தச் சிறு தராசின் மிகச் சிறந்த பயன் அந்த அடர்த்தியை அளந்து தருவதில் இருக்கிறது. பெட்டியோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததால் செய்முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாணயத்தை முதலில் காற்றில் நிறுத்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு சிறிய குவளையில் வடிகட்டிய நீரை ஊற்றித் தராசின் மேல் வைத்து, காட்டியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். குவளையும் நீரும் சேர்ந்து 200 கிராமைத் தாண்டக்கூடாது. மெல்லிய நைலான் நூலால் நாணயத்தைக் கட்டி, குவளையின் அடியையும் பக்கங்களையும் தொடாதபடி முழுவதும் நீருக்குள் தொங்கவிட்டால், தராசு காட்டும் எண் நாணயம் விலக்கிய நீரின் எடை. காற்றில் கண்ட எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். 92.5 விழுக்காடு வெள்ளியின் அடர்த்தி ஏறத்தாழ 10.36. எனவே தேயாத பழைய அரை கிரவுன் நீரில் 1.36 அல்லது 1.37 என்று காட்ட வேண்டும். செம்பு நிக்கல் அரை கிரவுன் 1.58 அளவில் காட்டும். கண்ணுக்கும் கைக்கும் ஒன்றாகத் தோன்றும் இரு நாணயங்கள் இங்கே இருபதுக்கும் மேற்பட்ட படிகள் விலகி நிற்கின்றன. சைராக்யூஸ் அரசனின் பொன்முடியை ஆர்க்கிமிடீஸ் நீரைக்கொண்டு ஆராய்ந்ததாகச் சொல்லப்படும் கதையைப் பள்ளியில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அது என் மேசையில், என் நாணயத்தின் மேல் நிகழ்ந்ததைப் பார்த்த அன்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நாணயத்தில் ஒட்டும் காற்றுக் குமிழிகள் அளவைக் கெடுக்கும். நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தைச் சேர்த்து, நாணயத்தை மெல்ல அசைத்தால் அவை விலகும். நூலைக் கையால் பிடித்தால் கை நடுக்கம் எண்ணாக மாறிவிடும் என்பதால் நூலைக் கட்டுவதற்கு ஒரு தாங்கியை அமைத்துக்கொள்வது நல்லது. அளந்து முடித்ததும் மீண்டும் வடிகட்டிய நீரில் அலசி, மென்மையான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கவே கூடாது. கண்ணாடிபோல் மினுக்கும் காட்சி நாணயங்களையும், பச்சை படிந்த பழைய வெண்கலக் காசுகளையும் நீரில் இறக்க நான் உடன்பட மாட்டேன். வெண்கலத்தைத் தின்னும் குளோரைடு நோய்க்கு ஈரம்தான் உணவு.

சிறிய நாணயங்களில் இம்முறை தடுமாறுகிறது. 1.41 கிராம் எடையுள்ள வெள்ளி மூன்று பென்னி நாணயம் விலக்கும் நீர் 0.14 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே அடர்த்தி ஏழு விழுக்காடு மாறிவிடும். தரமான வெள்ளிக்கும் செம்பு நிக்கலுக்கும் உள்ள இடைவெளியே பதினான்கு விழுக்காட்டுக்குள் அடங்குவதால் அங்கே உறுதியாக எதையும் சொல்ல முடியாது. சவரனில் நிலைமை சற்று மேல். அதன் 22 காரட் பொன்னின் அடர்த்தி 17.6 அளவில் இருப்பதால் அது 0.45 கிராம் நீரை விலக்குகிறது. இரண்டு விழுக்காட்டுக்குள் விடை கிடைத்துவிடும். ஈயத்தின் மேலும் பித்தளையின் மேலும் பொன் பூசிய போலிகளை வெளிப்படுத்த அது தாராளமாகப் போதும்.

கையால் அடித்த பழங்காசுகளைச் சேர்ப்பவர்கள் இந்த எண்களை வேறு மனத்தோடு படிக்க வேண்டும். ரோமின் தெனாரியசு ஒவ்வொன்றும் தனித்தனியே நிறுக்கப்பட்டு அடிக்கப்பட்டதன்று. ஒரு ரோமானியப் பவுண்டு வெள்ளியில் இத்தனை காசு என்பதே கணக்கு. அகஸ்டசு காலத்தில் எண்பத்து நான்கு என்றிருந்தது, நீரோவின் ஆட்சியில் கி.பி. 64 ஆம் ஆண்டளவில் தொண்ணூற்றாறாயிற்று. அதனால் சராசரி 3.9 கிராமிலிருந்து 3.4 கிராமுக்கு இறங்கியது. தனிக் காசுகள் அந்தச் சராசரியின் இரு பக்கமும் சிதறிக் கிடக்கும். எனவே 3.2 கிராம் காட்டும் தெனாரியசைப் போலி என்று ஒதுக்குவது பெரும் பிழை. ஆனால் 2.6 கிராம் காட்டினால், செம்புக் கருவின் மேல் வெள்ளித் தோல் போர்த்திய அக்காலத்துப் பொய்க்காசோ என்று விளிம்பை உருப்பெருக்கியில் தேடிப் பார்க்கலாம். அப்படி ஒன்று எங்கள் மேசைக்கு வந்தபோது அதன் விளிம்பில் பச்சைப் புள்ளி ஒன்று தெரிந்தது. கொண்டுவந்தவர் அதைத் திருப்பித் தரவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஏமாற்று வேலையை அவர் பெருமையோடு வைத்துக்கொண்டார்.

கருவியின் குறைகளையும் சொல்ல வேண்டும். அறுபது நொடியில் தானே அணைந்துவிடுவது முதல் எரிச்சல். அடர்த்தி அளக்கும்போது நூலைக் கட்டி முடிப்பதற்குள் காட்டி இருண்டுவிடுகிறது, பூச்சியத்தைத் திரும்ப முதலிலிருந்து அமைக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பழக்கத்தை நிறுத்திவைக்க வழியில்லாத கருவியை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அடுத்தது, பூச்சியத்தில் நிற்கும் தராசு மெல்ல மெல்ல ஏறும் சிறு பளுவைத் தன் சொந்தப் பிசகு என்று எண்ணித் தானே அழித்துவிடுகிறது. அரைகிராமுக்கும் குறைவான வெள்ளித் துணுக்குக் காசு ஒன்றை மிக மென்மையாக வைத்தபோது அது பூச்சியத்திலிருந்து அசையவே இல்லை. தட்டில் முதலில் வேறொரு பெரிய நாணயத்தை வைத்து, அதன் மேல் சிறு காசைச் சேர்த்து, இரு எண்களின் வேறுபாட்டைக் கண்டால் இந்தச் சிக்கல் தீரும். மின்விசிறிக் காற்றில் கடைசி இலக்கம் நடனமாடும் என்பதால் நிறுக்கும்போது விசிறியை நிறுத்தியாக வேண்டும். மூடியின் கீல் ஐந்தாம் மாதமே உடைந்துவிட்டது. அதைப் பெரிய குறையாக நான் கருதவில்லை. பேட்டரி தளர்ந்தால் எச்சரிக்கை காட்டுவதற்கு முன்பே எண்கள் 0.03 வரை நகர்ந்ததை இருமுறை பார்த்துவிட்டேன். ஆகையால் ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் நாணயத்துக்கு முன்பாக எடைக்கல்லை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்.

புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டிய கருவி எது என்று கேட்டால், பத்து மடங்கு உருப்பெருக்கிக்கு அடுத்து இதையே சொல்வேன். மூன்றாவதாகக் காந்தம், நான்காவதாக விட்டமும் தடிப்பும் அளக்கும் வெர்னியர் அளவி. எடையும் விட்டமும் தடிப்பும் மூன்றும் ஒருங்கே பொருந்தும்படி மலிவான உலோகத்தில் போலி செய்வது மிகக் கடினம். பெரும்பாலும் எடை பொருந்தினால் தடிப்பு மிகும், தடிப்பு பொருந்தினால் எடை குறையும். நெகிழி உறையிலிருந்து எடுத்த உடனே நிறுக்காமல் சற்றுப் பொறுத்து நிறுப்பதும் நல்லது, உறையின் நிலைமின்சாரம் தட்டைத் தொந்தரவு செய்யக்கூடும்.

எங்கள் வட்டத்தில் இப்போது புதிய நாணயத்தின் படத்தைப் பகிரும் யாரும் எடையையும் விட்டத்தையும் எழுதாமல் விடுவதில்லை. நான் என் பழைய குறிப்பேட்டைத் திறந்து, முப்பது ஆண்டுச் சேகரிப்பையும் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதி வருகிறேன். ஆறாவது அட்டைப்பெட்டி வரை வந்திருக்கிறேன். இதுவரை மூன்று நாணயங்களின் பக்கத்தில் கேள்விக்குறி இட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்று நான் பள்ளியில் படிக்கும்போது கிடைத்த முதல் வெள்ளி நாணயம். அதை நீரில் இறக்கிப் பார்க்க இன்னும் மனம் துணியவில்லை.